மஞ்சளுக்கு வந்த வழக்கு



என் இளமையில் ஒருநாள் அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டேன். பாட்டியார் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் காயத்தின்மேல் அப்பி, பழந்துணியால் கட்டிவிட்டார். இம்மருத்துவத்தை யாரிடம் கற்றீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஊரறிந்த செய்திக்கு ஆசிரியர் எதற்கு? ஆயினும், ஊரறிந்த அதே செய்தி கடல் கடந்த நாடொன்றில் புதிய கண்டுபிடிப்பெனப் பதிவான வரலாறு ஒன்று உண்டு. அதனையே இன்று கூறப் புகுகின்றேன்.

1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு ஒரு காப்புரிமை வழங்கிற்று. காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறையே அதன் பொருள். விண்ணப்பித்த ஆராய்ச்சியாளர் இருவரும் இந்திய வம்சாவளியினர். காப்புரிமை என்பது யாது? புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவரின் இசைவின்றி, குறித்த காலம்வரை, பிறர் அதனைப் பயன்படுத்தவோ விற்கவோ கூடாதென அரசு அளிக்கும் உரிமையாகும். புதுமையே அதற்கு அடிப்படை.

அவ்வாறாயின், எண்ணற்ற இல்லங்களில் வழங்கிவந்த ஒன்று எங்ஙனம் புதுமையாயிற்று? விடை சட்டத்தில் இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டிற்குள் வழக்கில் உள்ளது பழையதே. வேற்று நாட்டிலாயின் வழக்கு மட்டும் போதாது. அச்சேறிய வெளியீட்டிலோ முந்தைய காப்புரிமையிலோ அது இடம்பெற்றிருத்தல் வேண்டும். பாட்டியாரின் கைப்பழக்கம் அச்சேறவில்லை; ஆதலின் அச்சட்டத்தின் கண்ணுக்கு அது புலப்படவில்லை. இவ்வேற்றுமையை நீக்கும் சட்டத்தை அமெரிக்கா 2011ஆம் ஆண்டில்தான் இயற்றியது.

1996ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், ஆர். ஏ. மஷேல்கரின் தலைமையில், இக்காப்புரிமையை மறு ஆய்வு செய்யக் கோரியது. முப்பத்திரண்டு எழுத்துச் சான்றுகள் முன்வைக்கப்பட்டன. வடமொழி, உருது, இந்தி நூற்குறிப்புகளோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997ஆம் ஆண்டில் அவ்வலுவலகம் இதில் புதுமை இல்லையென ஏற்று, உரிமையை மறுத்தது.

இந்நிகழ்ச்சி புகட்டிய பாடத்தை நம் நாடு மறக்கவில்லை. 2001ஆம் ஆண்டில் மரபறிவு மின்னூலகம் ஒன்றை அமைக்கத் தொடங்கியது. ஆயுர்வேதம், யூனானி, சித்தம் முதலியவற்றின் மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், சுபானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. சித்தர் ஏடுகளில் உள்ளதையும் அயல்நாட்டு அலுவலர் இன்று தம் மொழியிலேயே படித்தறியலாம்.

ஆனால், நண்பர்களே, ஒன்றை மறவாதீர்கள். அவ்வழக்கில் மெய்ப்பிக்கப்பட்டது மஞ்சளின் பழமையே. அதன் ஆற்றல் அன்று. பழமை வேறு, உண்மை வேறு. ஆற்றலை அறிய ஆய்வுக்கூடத்திற்கே செல்லவேண்டும். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் 1815ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1910இல் தெளிவாயிற்று. சோதனைக் குழாயில் பல நற்குணங்களைக் காட்டும் அப்பொருள், உண்டபின் குருதியில் மிகக் குறைவாகவே சேர்கின்றது. மிளகிலுள்ள பைப்பரின் உடனிருந்தால் அச்சேர்க்கை பன்மடங்கு கூடுமென 1998ஆம் ஆண்டில் பெங்களூர் ஆய்வாளர் கண்டனர். எனினும், நோய் தீர்க்கும் மருந்தாக அதனை ஐயமற நிறுவும் சோதனைகள் இன்னும் போதவில்லை. ஆதலால், ஆழ்ந்த காயத்திற்கு மஞ்சளை நம்பியிராமல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

பாட்டியார் இன்றில்லை. அவர் அறிந்திருந்தவற்றுள் எத்தனையோ அவரோடு மறைந்தன. மெய்யானவையும் மறைந்தன, பிழையானவையும் மறைந்தன. எது எதுவென்று ஆராய இனி வழியில்லை. உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர் இருப்பாராயின், இன்று மாலையே ஒரு குறிப்பேட்டுடன் அவர் அருகில் அமருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நாளை அதனை ஆராயுங்கள். எழுதாத அறிவைக் காக்கவும் இயலாது, சோதிக்கவும் இயலாது.