விரதமா, வியாதியா?

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். "விரதம்" என்றால் போதும், பாட்டிக்குப் பெருமைதான்! அதே பெண் மறுநாளும், அடுத்த வாரமும் தட்டை ஒதுக்கினால்?

இந்தக் குழப்பம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1873-ல் லண்டனில் வில்லியம் கல், பாரிசில் லாசெக் இருவரும் சாப்பிட மறுத்து மெலியும் இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். 'அனோரெக்சியா நெர்வோசா' என்பது கல் வைத்த பெயர். 1979-ல் கனடாவில் கார்னர், கார்ஃபிங்கல் இருவரும் இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். சாப்பாட்டு விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா என்பது அதில் ஒரு கேள்வி. நம் ஊரில் கேட்டால் நல்ல பிள்ளைகள் எல்லோரும் 'ஆமாம்' என்றுதானே சொல்வார்கள்!

அப்படித்தான் ஆனது. கிங், புக்ரா என்ற இருவர் வட இந்தியாவில் 580 பள்ளி மாணவிகளிடம் இதைக் கொடுத்து, 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். 29 சதவீதம் பேர் 'ஆபத்து' எல்லையைத் தாண்டியிருந்தார்கள். விடைகளை ஆராய்ந்தபோது, மொழியும் பழக்கவழக்கமும் சில கேள்விகளின் அர்த்தத்தையே மாற்றியிருப்பது தெரிந்தது.

அதற்காக இங்கே நோயே இல்லை என்று அர்த்தமில்லை. திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவு தன் பதிவேடுகளைப் புரட்டி 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கு வந்தவர்களில் 1.25 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு. அதில் பெரும்பாலும் மனக்காரண வாந்தி, அனோரெக்சியா குறைவு.

சிகிச்சைக்கு வருவோம். ஆரன் பெக் 1960-களில் அமெரிக்காவில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, ஆக்ஸ்ஃபோர்டில் ஃபேர்பர்ன் 1981-ல் புலிமியாவுக்குப் பொருத்தினார். சாப்பிட்டதை உடனுக்குடன் எழுதுவது, வேளை தவறாமல் சாப்பிடுவது, வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, 'குண்டானால் நான் ஒன்றுமில்லை' என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்பது... இதுதான் முறை. (அனோரெக்சியா உள்ள பதின்வயதினருக்கு முதலில் குடும்ப சிகிச்சை, அது ஒத்துவராவிட்டால் இது என்கிறது பிரிட்டனின் 2017 வழிகாட்டி.)

ஆனால் அந்த எண்ணமே இல்லாவிட்டால்? ஹாங்காங்கில் சிங் லீ 1993-ல் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டாகும் பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். இந்திய மருத்துவர்களும் இதே போன்றவர்களைப் பார்த்திருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்க மனநல சங்கம் தன் கையேட்டைத் திருத்தியது. பயத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எடை கூடாதபடி தொடர்ந்து நடந்துகொண்டால் போதும் என்றது.

விரதம் இருந்தவள் மறுநாள் காலை நாலு இட்லியை ஒரு பிடி பிடித்துவிடுவாள். இன்னொருத்திக்கு மறுநாளும் ஒரு விரதம் இருக்கும்.