ரெண்டு புதையல், ஒரு மறைக்கப்பட்ட ராஜா

இன்னைக்கு ஒரு வெள்ளி நாணயத்துல இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், ஆனா அதைவிட மெல்லிசு. எடை ஒன்றரை கிராம்கூட இருக்காது. ஒரு பக்கம் ராஜாவோட முகமும் பேரும். இன்னொரு பக்கம் ரெண்டு பேரரசர்கள் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்கு மேல சிறகு வெச்ச ஒரு உருவம். 9-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அடிச்ச காசு இது. பழைய ரோமானிய தங்கக் காசைப் பார்த்து இந்தப் படத்தை எடுத்திருக்காங்க.

இந்த வகைக் காசுல விசேஷம் என்னன்னா, ஒரே படத்தை ரெண்டு ராஜாக்கள் தங்கள் பேர்ல அடிச்சிருக்காங்க. ஒருத்தர் வெஸ்ஸெக்ஸ் ராஜா ஆல்ஃப்ரெட். இன்னொருத்தர் பக்கத்து நாடான மெர்சியாவோட ராஜா, ரெண்டாம் கியோல்வுல்ஃப். 2015-க்கு முன்னாடி உலகத்துலயே ஆளுக்கு ஒரே ஒரு காசுதான் தெரிஞ்சிருந்தது. அதனால, 'ஏதோ ஒரு தடவை அடிச்சிருப்பாங்க, இதுக்குப் பெருசா அர்த்தம் இல்லை'ன்னு சொல்லிடவும் இடம் இருந்தது.

அந்த ஒரே வருஷத்துல, சில மாச இடைவெளியில, மெட்டல் டிடெக்டர் வெச்சிருந்த ரெண்டு தரப்பு ஆட்கள் ரெண்டு வேற வேற வயல்ல புதையல் எடுத்தாங்க. ரெண்டுலயும் இந்தக் காசு இருந்தது. ஒண்ணு வரலாற்றை மாத்தி எழுத வெச்சது. இன்னொண்ணு ஜெயில்ல முடிஞ்சது.

ஜெயிச்சவர் எழுதின கதை

முதல்ல பின்கதை. 874-ல வைக்கிங் படை மெர்சியாவுக்குள்ள புகுந்து, அங்க இருந்த ராஜாவைத் துரத்திடுச்சு. அவர் ரோமுக்குப் போயிட்டார். அவருக்கு அடுத்து வந்தவர்தான் கியோல்வுல்ஃப். இவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு 'ஆங்கிலோ-சாக்ஸன் குரோனிக்கிள்'ங்கிற ஆண்டுக் குறிப்புல இருந்து வருது. அது இவரை ராஜாவாகவே மதிக்கலை. புத்தி இல்லாத ஆளு, வைக்கிங்குகள் ஆட்டி வெச்ச பொம்மைங்கிற தோரணையிலதான் பேசுது.

ஆனா அந்தக் குறிப்பைத் தொகுத்தது எப்போ? 890-கள்ல, ஆல்ஃப்ரெட்டோட ஆட்சிக் காலத்துல, அவரோட அரசவையைச் சார்ந்த வட்டாரத்துல. நம்ம ஊர் மெய்க்கீர்த்தியைப் படிக்கிறப்போ, தோத்துப்போன ராஜாவைப் பத்தி அதுல சொல்றதை அப்படியே நம்பிடுவோமா? அதே எச்சரிக்கை இங்கயும் வேணும். அந்தக் குறிப்பு எழுதின நேரத்துல மெர்சியாவோட மேற்குப் பகுதி ஆல்ஃப்ரெட்டோட கைக்கு வந்தாச்சு. அவருக்குச் சமமா ஒரு ராஜா அங்க இருந்தார்னு ஞாபகப்படுத்த அங்க யாருக்கும் அவசியம் இல்லை.

வாட்லிங்டன்: குழியை மூடினவர்

2015 அக்டோபர். ஆக்ஸ்ஃபர்ட்ஷயர்ல வாட்லிங்டன் ஊர் பக்கத்துல ஒரு வயல். ஜேம்ஸ் மேதர்னு ஒருத்தர், விளம்பரத் துறையில இருந்து ஓய்வு பெற்றவர், பொழுதுபோக்கா மெட்டல் டிடெக்டரோட நடந்துட்டிருந்தார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். கீழ இருக்கிற கம்பிச்சுருள் மண்ணுக்குள்ள ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். அங்க உலோகம் இருந்தா அதுல சின்னதா மின்சாரம் ஓடும். அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஹெட்ஃபோன்ல சத்தம் கொடுக்கும். வெள்ளிக் காசுக்கும் சோடா டின் மூடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியால எப்பவும் உறுதியா சொல்ல முடியாது. அதனால இந்தப் பொழுதுபோக்குல முக்கால்வாசி நேரம் கிடைக்கிறது குப்பைதான்.

மேதருக்கு அன்னைக்குக் கிடைச்சது வெள்ளிக் கட்டி. அப்புறம் காசுகள். நாமளா இருந்தா மொத்தத்தையும் தோண்டி எடுத்திருப்போம்னு நினைக்கிறேன். அவர் அதைச் செய்யலை. தொல்பொருள் பதிவு அதிகாரிக்குத் தகவல் சொல்லிட்டு, குழியைத் திரும்ப மூடிட்டுக் காத்திருந்தார். அதிகாரி வந்து, புதையலை மண்ணோட சேர்த்து ஒரே கட்டியா எடுத்தார். அது அப்படியே பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்துக்குப் போச்சு.

உள்ள இருந்தது 186 காசுகள், 7 நகைத் துண்டுகள், 15 வெள்ளிக் கட்டிகள். அந்த 'ரெண்டு பேரரசர்' காசு மட்டும் 13. ரெண்டு ராஜாக்கள் பேர்லயும் இருந்தது. அதோட, ரெண்டு பேரும் சேர்ந்து பயன்படுத்தின இன்னொரு வடிவமைப்புக் காசுகளும் நிறைய. அப்போ இது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. ரெண்டு ராஜாக்களும் சில வருஷமாவது ஒரே மாதிரி காசு அடிச்சு, கூட்டாளிகளா இருந்திருக்காங்க. பொம்மைன்னு சொல்லப்பட்டவர் ஆல்ஃப்ரெட்டுக்குச் சமமா உட்கார்ந்திருக்கார்.

புதைச்ச காலம் 879 வாக்கில. 878-ல எடிங்டன் போர்ல ஆல்ஃப்ரெட் வைக்கிங்குகளைத் தோற்கடிச்சார். அடுத்த வருஷம் அந்தப் படை சைரன்செஸ்டர்ல இருந்து கிழக்கு ஆங்கிலியாவுக்கு நகர்ந்தது. அந்தப் பயணத்துல யாரோ இதைப் புதைச்சுட்டு, திரும்பி வரவே இல்லைன்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. 2017-ல ஆக்ஸ்ஃபர்ட் ஆஷ்மோலியன் மியூசியம் இந்தப் புதையலை 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கினது. பொதுமக்களும் நன்கொடை கொடுத்தாங்க.

லெம்ஸ்டர்: படத்தை அழிச்சவங்க

இப்போ சில மாசம் பின்னாடி போகலாம். அதே 2015, ஜூன். ஹெரஃபோர்ட்ஷயர்ல லெம்ஸ்டர் பக்கத்துல, வேல்ஸ்ல இருந்து வந்த ரெண்டு பேர் இன்னொரு புதையல் எடுத்தாங்க. தங்க மோதிரம், மிருகத் தலை வெச்ச தங்கக் காப்பு, தங்கச் சட்டத்துல மாட்டின ஸ்படிக உருண்டை, ஒரு வெள்ளிக் கட்டி, சுமார் 300 காசுகள்.

அங்க சட்டம் ரொம்பத் தெளிவு. 1996-ல வந்த புதையல் சட்டப்படி, இந்த மாதிரி கிடைச்சா 14 நாளுக்குள்ள கொரோனர்ங்கிற அதிகாரிக்குச் சொல்லணும். மியூசியம் வாங்கினா, பரிசுத்தொகையைப் பொதுவா கண்டுபிடிச்சவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதியா பிரிச்சுக்குவாங்க. அனுமதி வாங்கி, ஒழுங்கா சொல்லியிருந்தா, இவங்களுக்கும் லட்சக்கணக்கான பவுண்டு சட்டப்படியே வந்திருக்கும்.

சொல்லலை. கொஞ்சத்தை மட்டும் மியூசியத்துல காட்டிட்டு, மத்ததை வியாபாரிகள்கிட்ட வித்தாங்க. ஆனா ஊருக்குள்ள பேச்சு பரவிடுச்சு. குழியில காசுகள் கிடக்கிற படங்களை ஃபோன்ல எடுத்து அழிச்சிருந்தாங்க. போலீஸ் அதை மீட்டெடுத்தது. அஞ்சு காசு ஒரு பூதக்கண்ணாடி உறைக்குள்ள தைச்சு ஒளிச்சு வெச்சிருந்தது. 2019 நவம்பர்ல வூஸ்டர் கோர்ட் ஒருத்தருக்கு 10 வருஷமும் இன்னொருத்தருக்கு எட்டரை வருஷமும் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டுல அது குறைஞ்சாலும், வருஷக்கணக்குல ஜெயில்தான்.

விசாரணை முடிஞ்சப்போ கைக்கு வந்திருந்த காசு சுமார் 30. அதுலயும் 'ரெண்டு பேரரசர்' இருந்தது. மீதி பெரும்பாலும் போயே போச்சு.

எதை இழந்தோம்?

இந்த இடத்துலதான் எனக்கு மனசு அடிச்சுக்குது. 'எங்கயோ ஒரு கலெக்டர் வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கும்ல, அப்புறம் என்ன?'ன்னு கேட்கலாம். காசு பத்திரமா இருக்கலாம். ஆனா அது எதோட சேர்ந்து கிடந்தது, எந்த வகை எத்தனை, எது புதுசா தேயாம இருந்தது, எது பல கை மாறித் தேஞ்சிருந்ததுன்னு பார்த்துத்தான் வருஷத்தைக் கணக்குப் போட முடியும். காசைப் பிரிச்சு வித்தா அந்தக் கணக்கு அழிஞ்சிடும். ஒரு புத்தகத்தோட பக்கங்களைக் கிழிச்சு ஆளுக்கு ஒண்ணா வித்த மாதிரி.

கியோல்வுல்ஃப் 879 வாக்கில வரலாற்றுல இருந்து காணாம போறார். என்ன ஆனார்னு எந்தக் குறிப்பும் சொல்லலை. அவர் பக்கம் நின்னு எழுத ஆளே இல்லை. அவருக்கு இருந்த முக்கியமான சாட்சி மண்ணுக்குள்ள இருந்த காசுகள்தான். 1100 வருஷம் கழிச்சு அது வெளிய வந்தப்போ, ஒரு வயல்ல ஒருத்தர் குழியை மூடிட்டு ஃபோன் பண்ணார். இன்னொரு வயல்ல ரெண்டு பேர் வாரிக்கிட்டுப் போனாங்க. முதல் குழியில கிடைச்சதை வெச்சுத்தான் இந்த எபிசோடையே என்னால பேச முடிஞ்சது. ரெண்டாவது குழி என்ன சொல்லியிருக்கும்னு கேட்க இனி வழியில்லை.

லெம்ஸ்டர்ல மீட்டதை ஹெரஃபோர்டு மியூசியத்துக்காக வாங்கிட்டாங்க. அந்தப் பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா ரெண்டு ஊருக்கும் போய்ப் பாருங்க. ஆக்ஸ்ஃபர்ட்ல இருக்கிறதைப் பார்த்துட்டு, ஹெரஃபோர்டுல இல்லாததையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.