கோட்டைக்கு உள்ளேயா, வெளியேயா? - மதுரையில் தங்க ஓர் இடம்

மதுரைப் பயணம் என்று முடிவானதும் எங்கள் குழுவில் முதலில் எழும் வினா, எதை முதலில் பார்ப்பது என்பதன்று; எங்கே தங்குவது என்பதே! முதுகலைத் தமிழ் மாணவர்கள் பதினொருவரை அழைத்துக்கொண்டு சென்ற பயணத்திலும் அப்படித்தான் ஆயிற்று. நண்பர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டனர். வைகைக்கு வடகரையில் தல்லாகுளம் அல்லது அழகர்கோயில் சாலையில் தங்கலாம், அறைகள் விசாலமாக இருக்கும், வண்டி நிறுத்த இடமிருக்கும், இரவில் நிம்மதியாக உறங்கலாம் என்றது ஓர் அணி. மதுரைக்குப் போய்விட்டு ஆற்றுக்கு அப்பால் உறங்குவதா, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜைப் பிடியுங்கள் என்றது மற்றோர் அணி. மூன்று மாலைப்பொழுதுகள் இந்த வழக்கிலேயே கழிந்தன.

தங்குமிடம் தேடுவது பயணத்தின் சில்லறைக் காரியம் என்றுதான் நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றிய ஊர் மதுரை. இந்நகரைப் பொறுத்தவரை, 'உள்ளேயா, வெளியேயா' என்பது வசதி பற்றிய வினா மட்டுமன்று. ஈராயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு மனிதர்கள் கேட்டு, வெவ்வேறு விடைகளைப் பெற்ற வரலாற்று வினா அது.

தமிழ் இலக்கியத்தில் மதுரைக்கு வந்து தங்க இடம் தேடியவர்களுள் நாம் நன்கறிந்தவன் கோவலன். கண்ணகியுடனும் கவுந்தியடிகளுடனும் வந்து சேர்ந்தவன் உடனே நகருக்குள் நுழைந்துவிடவில்லை. மதிலுக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் மூவரும் தங்குகின்றனர். பின்னர் கண்ணகியை அடிகளிடம் விட்டுவிட்டு, தன் குலத்து வணிகரைக் கண்டு ஓர் ஏற்பாடு செய்துகொள்வதற்காகக் கோவலன் நகருக்குள் செல்கிறான். சென்றவன் மணிகள் விற்கும் வீதியையும் கூலக்கடை வீதியையும் கணிகையர் வீதியையும் கண்டு வியந்து, இடம் எதுவும் முடிவு செய்யாமலேயே திரும்பி வந்துவிடுகிறான்! துறவியர் வாழும் இப்புறச்சேரி இல்லறத்தாருக்கு ஏற்றதன்று, கதிரவன் மறைவதற்குள் நகர்க்குள் சென்றுவிடு என்று அவனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. அவ்வேளையில் அங்கு வரும் இடையர்குல மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். சிலப்பதிகாரத்தின் மூன்று காதைகள், ஒரு குடும்பம் மதுரையில் எங்கே தங்குவது என்ற சிக்கலைச் சுற்றியே நகர்கின்றன என்று சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆயினும் உண்மை அதுதான். யார் எங்கே தங்கலாம் என்பதற்கு அன்றே ஒரு வரையறை இருந்திருக்கிறது. வெளியே துறவிக்கு, உள்ளே இல்லறத்தானுக்கு.

துறவிகள் தங்கிய அந்த 'வெளியே' இலக்கியக் கற்பனை மட்டுமன்று. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் இன்றும் அதைக் காணலாம். நகருக்கு வடகிழக்கே உள்ள மாங்குளம் குன்றில் சமணத் துறவியருக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் அவற்றின் மேல் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கணித்தார். கணி நந்தாசிரியன் என்ற துறவியின் பெயரும், நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும், கொடையளித்த வெள்ளறை நிகமத்தோரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நிகமம் என்பது வணிகர் குழு. உள்ளூர்ச் சந்தையில் பொருளீட்டிய வணிகர்கள், ஊருக்கு வெளியே துறவியர் உறங்கக் கல்லில் படுக்கை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! மதுரை வட்டாரத்தில் நமக்கு எஞ்சியுள்ள மிகப் பழைய 'தங்கும் விடுதிகள்' இவைதாம் என்று சொல்வதில் தவறில்லை.

சங்க கால மதுரை இன்றைய நகரம் இருக்கும் இதே நிலத்தில்தான் இருந்ததா என்பது ஆய்வாளர்களிடையே விவாதப் பொருள். ஆகவே கோவலன் நடந்த வீதியை இன்றைய வரைபடத்தில் தேட வேண்டாம். நாம் இன்று நடக்கும் மதுரை பெரும்பாலும் நாயக்கர் காலத்து அமைப்பு. விசுவநாத நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் பழைய மதிலை அகற்றி, எழுபத்திரண்டு கொத்தளங்களுடன் புதிய கோட்டையை எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. அதற்கு அப்பால் மதிலும் அகழியும் இருந்தன.

அந்த மதில் எங்கே போயிற்று? 1840ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மதுரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன், நெரிசலில் மூச்சுத் திணறிய நகரை விரிவாக்க மதிலை இடிக்க முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே மனைகள் வழங்கப்பட்டன. இவ்வாறு உருவானவையே வெளி வீதிகள். அவற்றுக்கும் மாசி வீதிகளுக்கும் இடையில் பிறந்த வீதிகளுக்கு, அப்பணியில் ஈடுபட்ட இருவரின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஒருவர் மேஸ்திரி பெருமாள். மற்றவர் நில அளவையாளர் மாரட். மேற்கே பெருமாள் மேஸ்திரி வீதி. கிழக்கிலும் தெற்கிலும் மாரட் வீதி. பிளாக்பர்னுக்கு நகரத்தார் எழுப்பிய நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண். கோட்டை வாசல்கள் மறைந்துவிட்டன. ஆனால் மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல் என்று நடத்துநர்கள் இன்றும் குரல் கொடுக்கிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேற்கு வாசலின் எச்சம் ஒன்று நிற்கிறது. பேருந்தைத் துரத்தும் அவசரத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

மதில் விழுந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1870களின் நடுவில், ரயில் வந்தது. நிலையம் பழைய மேற்கு மதிலுக்குச் சற்று வெளியே அமைந்தது. நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவு. இடைப்பட்ட டவுன் ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் லாட்ஜுகள் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த வீதியில் அறையெடுக்கும் பயணி தான் அறியாமலேயே கோட்டையின் விளிம்பில் படுத்துறங்குகிறார். மேஸ்திரியின் பெயரால் அழைக்கப்படும் வீதியில், மேஸ்திரி இடித்த மதிலின் நிழல் கூட இல்லாமல்!

லாட்ஜுகளுக்கு முன்னால் சத்திரங்கள். 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவராக மக்கள் நினைவில் நிற்பவர். மதுரை ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள சத்திரம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 'குன்னத்தூர் சத்திரம்' என்ற பெயரோ இன்று ஒரு வணிக வளாகத்தைக் குறிக்கிறது. புது மண்டபத்தில் தலைமுறைகளாக இருந்த தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அங்கே குடிபெயர்ந்துள்ளனர். வழிப்போக்கருக்கு இலவசமாக இடமும் உணவும் தந்த சத்திரங்களை நாம் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்வது வழக்கம். வகுப்பில் அப்படித்தான் பாடம் நடத்தியும் வந்தோம்.

அந்தப் பயணத்தில் 'உள்ளே' அணியே வென்றது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் மொட்டை மாடியிலிருந்து கோபுரங்கள் தெரியும் ஒரு லாட்ஜில் அறைகள் கிடைத்தன. முதல் நாள் இரவு மாடியில் மாணவர்களை அமர்த்தி, சத்திரங்களின் பெருமையை மேற்சொன்னவாறே விளக்கிக்கொண்டிருந்தோம். விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்.

"ஐயா, எங்க அப்பத்தாவோட அம்மா வருசா வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு வருவாங்களாம். ஆத்து மணல்லதான் படுப்பாங்களாம். சத்திரத்துப் பக்கம் போனா வெரட்டிருவாங்கன்னு அப்பத்தா சொல்லும். கோயிலுக்குள்ளயும் போனதில்ல. கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுட்டுத் திரும்பிருவாங்களாம்."

எவரும் பேசவில்லை. அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பாடத்தில் விடுபட்ட ஒரு வரியைச் சேர்க்கும் குரலில் சொன்னான். அதுதான் எங்களை உறுத்தியது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறோம். யாருக்கு அந்தச் சத்திரம் என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருக்கும். திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது.

1921ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். ஏழை உழவரின் உடையே இனித் தன் உடை என்று முடிவு செய்து, செப்டம்பர் 22ஆம் நாள் அரையாடையுடன் அவ்வீட்டிலிருந்து வெளியே வந்தார். மாசி வீதி மாடியில் அந்த உடை பிறந்தபோது, அதே உடையில் இருந்த எத்தனையோ பேருக்கு அங்கிருந்து சில நூறு அடிகள் தள்ளி இருந்த கோயில் வாசல் மூடியே இருந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகே அந்த வாசல் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றது. சட்டப் புத்தகத்தில் விடுதி என்ற சொல் இடம்பெற வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நிலை இருந்திருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் எங்கள் மாணவன் பதிவேட்டில் கையொப்பமிட்டுச் சாவியை வாங்கியது எளிய செயலாகத் தோன்றியது. அது எளிய செயலாக ஆவதற்கு நெடுங்காலம் பிடித்திருக்கிறது.

ஆக, எங்கே தங்கலாம்? எங்கள் அனுபவத்தில் சில சொல்லலாம். முதன்முறை செல்பவர்கள், ஓரிரவேனும் வெளி வீதிகளுக்கு உள்ளே தங்குங்கள். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடி, இரவின் யாமங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. அதைப் பாடிய மாங்குடி மருதனார் பகலில் வந்து மாலையில் திரும்பிய பயணியாக இருந்திருக்க முடியாது! சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும் இரவுப் பூசையைக் கண்டுவிட்டு, நடந்தே அறைக்குத் திரும்பும் வாய்ப்பு உள்ளே தங்குபவர்களுக்கே உண்டு. நண்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் அறையில் இளைப்பாறவும் செய்யலாம். 2018ஆம் ஆண்டுத் தீவிபத்திற்குப் பின் கோயிலுக்குள் செல்பேசிக்கு அனுமதியில்லை; அதையும் அறையிலேயே விட்டுச் செல்லலாம். அறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வீதியைப் பார்த்த அறையில் இரவெல்லாம் ஓசை இருக்கும். முதியவர்கள் உடன் வந்தால் உட்புற அறையையும் மின்தூக்கியையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா என்றால் வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

மாங்குளம், ஆனைமலை, அழகர்மலை, கீழவளவு என்று குன்றுகளைத் தேடிச் செல்பவர்களுக்கு வடகரையே ஏற்றது, விடியலில் புறப்பட்டுவிடலாம். 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் வழியாக மாலையில் நகருக்குள் வந்துபோவதும் எளிது. புறஞ்சேரியில் தங்கிய கவுந்தியடிகளின் கட்சி என்று அவர்களைச் சொல்லலாம்.

புறப்படும் நாளன்று அதிகாலை மாடிக்குச் சென்றபோது அந்த மாணவன் எங்களுக்கு முன்பே அங்கிருந்தான். கோபுரங்களின் மேல் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கையில் செல்பேசி.

"அப்பத்தாகிட்ட காட்டணும்யா. இங்கதான் படுத்திருந்தேன்னு சொல்லணும்" என்றான்.

கோபுரத்தைப் படம்பிடித்தவன், திரும்பி, திறந்து கிடந்த தன் அறைக் கதவையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.