காவலர் ஈடுசெய் விடுப்பு

அரசு விடுமுறையிலோ தமக்குரிய வார ஓய்விலோ பணிக்கு வந்த காவலருக்கு, அதற்கு ஈடாக வேறொரு நாளில் தரப்படும் ஓய்வு ஈடுசெய் விடுப்பு. பொங்கல், தீபாவளி, விநாயகர் சிலைக் கரைப்பு என ஊர் கூடும் நாள்களில்தான் பந்தோபஸ்தும் கூடும். காவலர் வீட்டில் பண்டிகை தள்ளிப்போகும்.

சென்னை மாகாணத்தில் பழைய ஊர்க்காவலைத் தலையாரிகள் பார்த்தனர். கும்பினி ஆட்சியில் காவல் பொறுப்பு நெடுங்காலம் வருவாய் அலுவலர்களின் கையில் இருந்தது. வரி வசூலில் நடந்த கொடுமைகளைச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் அம்பலப்படுத்திய பிறகு, காவல் பணி தனித்துறையாயிற்று. அதன் முதல் தலைவர் வில்லியம் ராபின்சன். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் அத்துறைக்கு வடிவம் கொடுத்தது. தமிழ்நாட்டு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் அது பிற்காலத்திலும் நீடித்தது. இரண்டாண்டு கழித்து வந்த இந்தியக் காவல் சட்டம், தன் 22ஆம் பிரிவில், காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்றது. தேவைப்படும்போது அழைப்பதற்கான இவ்விதி, ஓய்வே தராமலிருப்பதற்கான நியாயமாகத் தவறாகக் கொள்ளப்பட்டது.

ஆலைத் தொழிலாளர் நிலை வேறு. வார ஓய்வு பற்றிய 1921ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1923இல் ஏற்றது. 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 53ஆம் பிரிவில், இழந்த வார விடுமுறையை அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ ஈடுசெய்யச் சொன்னது. கப்பல் கட்டுதலும் அச்சட்டப்படி உற்பத்தித் தொழிலாகவே இருந்தது. ஆகவே காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் மாற்று நாளை அச்சட்டப்படி கேட்க முடிந்தது. தளத்தின் வாசலில் பந்தோபஸ்து நிற்கும் காவலருக்கு அச்சட்டம் பொருந்தவில்லை.

2006ஆம் ஆண்டின் மாதிரிக் காவல் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, இயலாவிடில் ஈட்டுப்பயன் என்று பரிந்துரைத்தது. 2014இல் வெளியான காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியக ஆய்வில், காவல் நிலையப் பணியாளர்களில் 73.6 விழுக்காட்டினர் மாதத்தில் ஒரு நாள்கூட வார ஓய்வு பெற இயலவில்லை என்றனர்.

தமிழ்நாட்டில் 2021 முதல் இரண்டாம் நிலைக் காவலர் தொடங்கித் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு உண்டு. ஓய்வு நாளில் பணிக்கு வந்தால் மிகை நேர ஊதியம் தரப்படும். ஆனால் பணம் உறக்கத்துக்கு ஈடாகாது.