பெரட்டுக்களத்துக் கொயினாவும் வீட்டு மாத்திரையும்



நம் பாட்டன்மார் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்போது விடியற்காலைப் பெரட்டிலேயே தொழிலாளரை வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுத்தார்கள். கண்முன்னே விழுங்கிய பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போகலாம்.

இன்று நம் குடும்பங்களை வாட்டுவது இருதய நோய். இதற்குரிய மாத்திரைகளைப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். வீட்டில் நின்று பார்க்க டிரசர் இல்லை. நெஞ்சுவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவோர் பலர். வளர்ந்த நாடுகளில்கூட, நெடுநாள் நோயாளிகளில் சுமார் பாதிப்பேரே சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் கூறியது.

அதட்டினால் பழக்கம் மாறுமா? கெடாவின் வரலாற்றைப் பாருங்கள். பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, 1947-இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. போலீசாரோடு மோதல் மூண்டு உயிரும் போயிற்று. அத்தனை தியாகத்திற்குப் பின்னும் கள் உடனே ஒழிந்துவிடவில்லை. கடையை மறிக்கலாம், மனம் தானாகத்தான் திரும்ப வேண்டும்.

குடிப்பவர் மனத்தைத் திருப்ப ஒரு பேச்சுமுறையை அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதி வெளியிட்டார். குறை கூறாமல் கேட்பது, காதுகொடுப்பது, மாற வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரச்செய்வது என்பவையே அதன் சாரம். 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து இதனை நூலாக்கினார். பின்னாளில் இருதய நோயாளிகளுக்கும் இது பயன்படலாயிற்று. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளிலும், மருந்தாளுநர் நோயாளியோடு அமர்ந்து பேசி, மருந்தைத் தவறாமல் எடுக்க உதவும் சிகிச்சைப் பிரிவுகள் 2004 முதல் தோன்றின.

வீட்டிலும் இதைச் செய்யலாம். "ஏன்பா மருந்து சாப்பிடலே?" என்று ஏசாமல், "இந்த மாத்திரையிலே உங்களுக்கு என்னப்பா சங்கடம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நீர் மாத்திரை போட்டா அடிக்கடி ஒதுங்கணும், வெட்டுக்காட்டிலே எங்கே போறது?" என்பார் அப்பா. குற்றம் பிடிவாதத்தில் இல்லை, நேரத்தில்தான் என்பது அப்போது விளங்கும். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். அந்தச் சங்கடத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு நேரம் குறித்துத் தரக்கூடும்.

கொயினாவை வரிசையில் நிறுத்திக் கொடுக்க முடிந்தது. இருதய மாத்திரையோ அன்பான ஒரு கேள்வியோடுதான் தினமும் உள்ளே போகும்.