போர்டு பள்ளியும் ஊரின் உரிமையும்

முந்தைய தலைமுறையினர் 'போர்டு ஸ்கூல்' என்று சொன்னபோது, அந்தப் போர்டு கரும்பலகையைக் குறிக்கவில்லை. ஜில்லா போர்டைக் குறித்தது. பள்ளியை நடத்துவது யார் என்பதைப் பெயரே சொல்லிவிடும். இன்று ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தொழிற்பேட்டைகளாகவே அறிந்திருக்கும் நாம், அப்பெயருக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884இல் சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவை ஜில்லா, தாலுகா போர்டுகளின் பொறுப்பாயின. 1920ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. கல்வி வரி விதிக்கவும், அரசின் இசைவோடு தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொணரவும் உள்ளாட்சிகளுக்கு அது வழிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. வரி கட்டுவோரே வாக்காளர். அவருள் பெரும்பாலோர் நிலமுடையோர். கூலிக்காரர் பிள்ளை படிக்கத் தம் வாக்காளர்மீது வரி போட எத்தனை உறுப்பினர் துணிவர்? அதிகாரம் தந்த சட்டம் துணிவைத் தரவில்லை. 1934இல் தாலுகா போர்டுகளும், 1939இல் மாவட்டக் கல்விக் கழகங்களும் மறைந்தன.

1953இல் மற்றொரு சோதனை வந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக உள்ளாட்சியைப் பயின்ற ராஜாஜி, முதலமைச்சராகி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாக்கும் திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வி என எதிர்ப்பெழுந்து, 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கிராமப் பள்ளியின் நேரம் சென்னையில் முடிவானது. கிராமத்தின் கருத்து கேட்கப்படவில்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் ஜில்லா போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. தொடக்கப் பள்ளிகள் அவற்றிடம் சேர்ந்தன. 1981 ஜூனில் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். உள்ளூர்ப் பெரியமனிதர்களின் தயவில் வாழ வேண்டிய நிலை ஆசிரியருக்கு நீங்கியது பெரும் நன்மை, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கையெழுத்தில், பள்ளிமீது ஊருக்கிருந்த உரிமையும் நீங்கிற்று. பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்பது மட்டும் எஞ்சியது.

ஓசூரில் இந்த இழப்புக்குக் கூடுதல் பொருள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாய் உள்ள ஊர்கள் இங்கே ஏராளம். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியபோது, மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கோரி நீதிமன்றப் படியேறினர். இம்மண்ணில் வாழும் குழந்தை தமிழறிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எந்த வகுப்பில், எவ்வளவு வேகத்தில், எந்த ஆசிரியரைக் கொண்டு என்பதை ஊரோடு பேசித் தீர்க்கக்கூடிய அவை ஒன்றில்லாததால், அது வழக்காய் முற்றியது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் தந்தது. உறுப்பினருள் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகம் 2022இல் அவற்றைப் புதுப்பித்தது. போர்டுகளில் இடம்பெறாத கூலிக்காரத் தாய்க்கு இன்று நாற்காலி உண்டு. ஆனால் வரி விதிக்கவோ ஆசிரியரை அமர்த்தவோ அந்த நாற்காலிக்கு வலுவில்லை. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவரும் பகல் கூட்டத்துக்கு வருவது எப்படி?

அன்று அதிகாரம் இருந்தது, ஏழை அவையில் இல்லை. இன்று ஏழை அவையில் இருக்கிறார், அதிகாரம் இல்லை. இவ்விரண்டும் ஒரே அவையில் சேரும் நாளில்தான் பள்ளி மீண்டும் ஊருடையதாகும்.