அழுத்தமானி சொன்னதும் நீதிமன்றம் கேட்டதும்

வகுப்பில் கற்ற ஓர் எளிய விதியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றோடொன்று இணைந்த இரு குழாய்களில் ஒரே நீர்மம் அசைவின்றி நின்றால், ஒரே மட்டத்தில் அழுத்தமும் ஒன்றாகவே இருக்கும். இவ்விதிக்குப் பொருந்தாத ஓர் அளவீட்டை ஒரு மாலைப் பொழுதில் சிலர் ஒதுக்கித் தள்ளினர். அதன் விளைவையும், அதற்குப் பொறுப்பேற்க நேர்ந்தவர்கள் யார் என்பதையும் இங்கே காண்போம்.

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில், லூயிசியானாக் கரைக்கு அப்பால் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளையிடும் மேடை மிதந்துகொண்டிருந்தது. அதன் கீழே கடலின் ஆழம் சுமார் 1,500 மீட்டர். 'மக்காண்டோ' என்ற அந்த எண்ணெய்க் கிணற்றின் பணியை நடத்தியது பி.பி. நிறுவனம், மேடை டிரான்ஸ்ஓஷனுக்குச் சொந்தம், கிணற்றின் அடியைச் சிமெண்டால் அடைத்தது ஹாலிபர்ட்டன். கிணறு ஒன்று, நிறுவனங்கள் மூன்று!

அடைப்பு உறுதியானதுதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கிணற்றினுள் இருக்கும் கனமான சேற்றில் ஒரு பகுதியை அகற்றிக் கடல்நீரை நிரப்பி, உள்ளழுத்தத்தைக் குறைப்பார்கள். அடைப்பு நன்றாக இருந்தால் அழுத்தம் மீண்டும் ஏறக்கூடாது. ஆனால், அன்று துளைக்குழாயின் அழுத்தமானி சதுர அங்குலத்திற்கு 1,400 பவுண்டு காட்டியது. இது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தமாகும். அதே கிணற்றோடு இணைந்த பக்கக் குழாயிலோ அழுத்தம் சுழி! இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக முடியும்? மேலேயுள்ள கனத்த சேற்றினால் வந்த அழுத்தம் அது என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. சோதனை வெற்றி என முடிவு செய்தனர். இரண்டு மணி நேரத்திற்குள் எரிவாயு பீறிட்டு வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர்.

அடுத்த மாதமே அமெரிக்க மேலவைக் குழுவின் முன் மூன்று நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக் காட்டின. எண்ணெயோ 87 நாட்கள் கடலில் கொட்டியது. கொட்டிய அளவு எவ்வளவு? இது வெறும் ஆர்வத்திற்கான கேள்வியன்று. அந்நாட்டுச் சட்டப்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுகிறது. அப்போது சாதாரணப் பிழை என்றால் பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை விதிக்கலாம் என்றிருந்தது. பெரும் அலட்சியம் என்றால் 4,300 டாலர் வரை விதிக்கலாம் என்றிருந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். பிறகு 5,000 என்றார்கள். கடலடிப் படங்களில் எண்ணெய்ப் பீச்சின் வேகத்தை அளந்தும், பிற முறைகளாலும் கணக்கிட்ட அறிவியலார் முடிவாகக் கூறியது, தொடக்க நாட்களில் சுமார் 62,000 பீப்பாய்! வழக்கில் அரசு சொன்ன மொத்தம் 41.9 லட்சம் பீப்பாய், பி.பி. சொன்னது 24.5 லட்சம். நீதிபதி கார்ல் பார்பியர் 2015-இல் 31.9 லட்சம் என்று தீர்மானித்தார்.

அதற்கு முன்பே, 2014-இல், பி.பி.யின் செயல் பெரும் அலட்சியம் என்று அவர் தீர்ப்பளித்திருந்தார். பொறுப்பை பி.பி.க்கு 67, டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு எனப் பங்கிட்டார். 2016-இல் பி.பி. 2,080 கோடி டாலர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டது.

11 பேரின் சாவுக்கான குற்றத்தையும், எண்ணெய் கசிந்த அளவு குறித்து நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்த குற்றத்தையும் அந்நிறுவனம் 2012-இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் நிறுவனத்தைச் சிறையில் அடைக்க முடியுமா? மேடையிலிருந்த இரு மேற்பார்வையாளர்கள் மீதான உயிரிழப்புக் குற்றச்சாட்டுகள் 2015-இல் கைவிடப்பட்டன. அந்தச் சாவுகளுக்காக ஒருவரும் சிறை செல்லவில்லை. பணத்தால் ஈடுகட்டக்கூடிய பொறுப்பு மட்டுமே நிறைவேறியது எனலாம்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடையோடு பொருந்தாத அளவீட்டை அழித்துவிட்டு 'சரியான' எண்ணை எழுதிக்கொள்ளும் ஆசை நமக்கு வருவதுண்டு. அங்கே இழப்பது சில மதிப்பெண்கள்தாம். மக்காண்டோவில் அழுத்தமானி பொய் சொல்லவில்லை; கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை.